எண்ணைச் சொல்லிக் கதவைத் தட்டிய காலம்

பாஸ்வேர்டு, ராம் அளவு, சிஸ்டம் தேதி. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் மைக்ரோபிராசசர் லேப் முடித்தவர்களிடம் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால், பாதிப் பேருக்காவது சட்டென்று அந்த அறை நினைவுக்கு வரும். 2013-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலும் 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலும் மூன்றும் ஒரே பயிற்சியாக, ஒரே வரியில் இருந்தன. உடுமலையிலிருந்து காலை பஸ் பிடித்துப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போய்ப் படித்துத் திரும்பிய ஒரு தலைமுறைக்கு, இயக்க முறைமையோடு நேருக்கு நேர் பேசிய முதல் அனுபவம் அந்த ஒரு வரிதான். ஏஹெச் என்ற ரெஜிஸ்டரில் ஓர் எண்ணை வைத்து, இன்ட் 21ஹெச் என்று எழுதினால் போதும், டாஸ் வந்து வேலையைச் செய்துவிட்டுப் போகும். எண் 8 என்றால், தட்டிய எழுத்து திரையில் தெரியாமல் நிரலுக்கு மட்டும் வந்து சேரும், பாஸ்வேர்டுக்கு அது. எண் 2ஏ என்றால் தேதி: ஆண்டு சிஎக்ஸில், மாதம் டிஹெச்சில், நாள் டிஎல்லில். எண் 4சி என்றால் கடையைக் கட்டலாம். ராம் அளவுக்கு மட்டும் டாஸைக் கேட்பதில்லை. அதற்கும் கீழே இருக்கும் பயாஸிடம் இன்ட் 12ஹெச் என்று கேட்டால் ஏஎக்ஸில் கிலோபைட் கணக்கில் விடை வரும். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் என்ற இடத்தில் அதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே எழுதப்பட்ட எண் 640, அல்லது அதைவிட ஒன்றிரண்டு குறைவு. மேசைமேல் இருந்த மெஷினிலோ 2 ஜிபி, 4 ஜிபி. அந்த 640-க்குப் பின்னால் வருகிறேன்.

சிஸ்டம் கால் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாம் எழுதும் நிரல் தானாக வட்டைத் தொட முடியாது, நெட்வொர்க்கில் எதையும் அனுப்ப முடியாது, இன்னொரு நிரலைக் கிளப்பிவிடவும் முடியாது. அந்த உரிமை கர்னலுக்கு மட்டும். அந்த வேலியைப் பிராசசரே போட்டு வைத்திருக்கிறது. நிரல் ஓர் எண்ணையும் சில விவரங்களையும் குறித்த ரெஜிஸ்டர்களில் வைத்து ஒரு தனிக் கட்டளையைக் கொடுத்தால், பிராசசர் கர்னலுக்குள் போய், எண்ணைப் பார்த்து, வேலையை முடித்து விடையோடு திரும்பும். சி-யில் எழுதும் பிரின்ட்எஃப், பைத்தானில் எழுதும் பிரின்ட் எல்லாமே கடைசியில் இந்த வாசலில்தான் வந்து நிற்கின்றன. நடுவில் நம் சார்பாகப் போய்க் கேட்டு வருவது லைப்ரரி. டாஸ் காலத்தில் இந்த வேலி கிடையாது. இன்ட் 21ஹெச் என்று கேட்பதே ஒரு மரியாதைக்குத்தான். மரியாதை வேண்டாம் என்றால் பயாஸிடம் போகலாம். அதுவும் வேண்டாம் என்றால் பி800 என்ற முகவரியில் தொடங்கும் திரை நினைவகத்தில் நேராகவே எழுதிவிடலாம்: 80 எழுத்து, 25 வரி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட், மொத்தம் 4000 பைட்டில் முழுத் திரை. டர்போ சி-யின் டாஸ்.ஹெச் கோப்பில் இன்ட்86 என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதன் வழியாக இன்ட் 33ஹெச்சைக் கூப்பிட்டு, நீலத் திரைக்கு வெளியே ஒரு மவுஸ் அம்பை ஓடவிட்டவர்கள் அன்றைக்கு வகுப்பில் வீரர்கள். யஷவந்த் கனேத்கரின் புத்தகங்களில் சி-யைப் படித்துவிட்டு, நினைவகத்தில் தங்கியிருந்து விசைகளை இடைமறிக்கும் டிஎஸ்ஆர் நிரல்கள் வரை போனவர்களும் உண்டு. இயந்திரத்துக்கும் நமக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது, இருந்தால் அது நம் திறமைக்குக் குறைவு என்ற எண்ணம் அங்கேதான் ஊன்றியது. அந்த எண்ணம் தவறு என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. நேரடி அழைப்பை நான் பாவமாகக் கருதவில்லை. அது எப்போது சரி, எப்போது தவறு என்பதைத் தீர்மானிப்பது எழுதுபவரின் திறமையல்ல, எதிர்ப்பக்கம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது.

முதல் சாட்சியம் நம் ஊர்க் கடைவீதியிலேயே இருக்கிறது. 1990-களில் இந்த வட்டாரத்துக் கம்ப்யூட்டர் சென்டர்கள் சொல்லிக்கொடுத்தவை டிபேஸ், பாக்ஸ்புரோ, கோபால், சி. அங்கே கற்றவர்கள் நூற்பாலைக்கும், நூல் கடைக்கும், பனியன் கம்பெனிக்கும், தேங்காய் மண்டிக்கும் பில், ஸ்டாக், சம்பளப் பட்டியல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, பாக்ஸ்புரோவின் கட்டளைகளுக்குள்ளேயே நின்றுகொண்டது. திரையில் எழுதுவதும், வட்டில் சேமிப்பதும், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு அனுப்புவதும் எப்படி என்பதை பாக்ஸ்புரோவே பார்த்துக்கொண்டது. இன்னொரு வகை, வேகத்துக்காகவும் ஒரு கெத்துக்காகவும் சி-யில் எழுதப்பட்டு, பிரின்டருக்கு இன்ட் 17ஹெச், திரைக்கு பி800 என்று நேராகப் போனது. வேகத்தில் இரண்டாவது வகைதான் ஜெயித்தது, அதில் சந்தேகமில்லை. பிறகு விண்டோஸ் என்டி வழிவந்த இயக்க முறைமைகள் மேசைக்கு வந்தன. அவற்றில் டாஸே கிடையாது. பழைய நிரல்களுக்காக டாஸ் போல நடிக்கும் ஒரு பகுதி மட்டும் இருந்தது. இன்ட் 21ஹெச் என்று கூப்பிட்டால் அது பிடித்துக்கொண்டு விண்டோஸிடம் கேட்டுச் சொல்லும். 64 பிட் விண்டோஸில் அந்த நடிகரும் இல்லை. பிராசசரின் 64 பிட் முறையில் அந்தப் பழைய வேடத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. பாக்ஸ்புரோ நிரல்களின் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் 1995-ல் விஷுவல் பாக்ஸ்புரோ என்று விண்டோஸுக்கு வந்தபோது பழைய பிஆர்ஜி கோப்புகள் பெரிய மாற்றமில்லாமல் அங்கே கம்பைல் ஆயின. இயக்க முறைமையோடு பேசும் வேலை பாக்ஸ்புரோவுடையது. இயக்க முறைமை மாறியதும் அது தன் பேச்சை மாற்றிக்கொண்டது, நம் வரிகள் அப்படியே நின்றன. விஷுவல் பாக்ஸ்புரோவும் 9-ஆம் பதிப்போடு முடிந்துபோனது, உண்மைதான். ஆனாலும் பாக்ஸ்புரோ தகவலைச் சேமித்து வைத்த டிபிஎஃப் கோப்புகளை இன்றைக்கும் லிபர்ஆஃபீஸில் திறந்து பார்க்க முடிகிறது. சி-யில் எழுதிய வீர சாகசங்கள் டாஸ்பாக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் ஓடுகின்றன.

இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேறு உவமை தேட வேண்டியதில்லை, பி.ஏ.பி. என்னும் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் வாய்க்கால் இருக்கிறது. சர்க்கார்பதியிலிருந்து காண்டூர் கால்வாய் 49 கிலோமீட்டர் மலையை ஒட்டியே வந்து திருமூர்த்தி அணையில் சேர்கிறது. அங்கிருந்து பிரதானக் கால்வாய், கிளைக் கால்வாய், பகிர்மானக் கால்வாய், கடைசியில் மடை. ஆயக்கட்டு முழுவதும் நான்கு மண்டலங்களாகப் பிரிந்து, முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிறது. தோட்டத்துக்காரருக்கு அரசு கொடுத்திருக்கும் வாக்கு மடையோடு முடிகிறது: உங்கள் முறையில், உங்கள் மடைக்கு, இத்தனை நாள். மேலே ஷட்டரை எவ்வளவு திறப்பது, எந்தக் கிளையில் எப்போது அடைப்பது, எந்த இடத்தில் கரையை உடைத்துக் கான்கிரீட் போடுவது என்பதெல்லாம் துறையின் வேலை. லஸ்கர் போய்த் திறந்துவிடுவார். பிரதானக் கால்வாயில் குழாய் போட்டு இழுப்பவருக்கும் தண்ணீர் வருகிறது, சொல்லப்போனால் மடைக்காரரைவிட முன்னதாகவே வருகிறது. அடுத்த ஆண்டு கரையைச் செப்பனிடும்போது அந்தக் குழாய் இருந்த இடம் மூடப்பட்டால், யாரிடம் போய்க் கேட்பது? அந்த இடத்தைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லையே. இந்த உவமை ஓரிடத்தில் இடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாய் போட்டவர் எடுப்பது கடைமடைக்காரரின் தண்ணீர், அது திருட்டு. நேரடி சிஸ்டம் கால் யாருடைய பங்கையும் குறைப்பதில்லை. அங்கே நஷ்டப்படுவது எழுதியவரும், அவர் நிரலை நம்பிக் காசு கொடுத்தவரும்தான்.

வாக்கு எங்கே கொடுக்கப்படுகிறது என்பது ஒவ்வோர் இயக்க முறைமைக்கும் வேறு. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஆவணப்படுத்தி, காப்பாற்றுவோம் என்று நிற்பது கெர்னல்32, யூசர்32 போன்ற டிஎல்எல் கோப்புகளில் உள்ள ஃபங்ஷன்களை. அவற்றுக்கு அடியில் என்டிடிஎல்எல் என்று ஒன்று. அதற்கும் அடியில்தான் எண்கள். அந்த எண்களைப் பற்றி யாரும் எந்த வாக்கும் தரவில்லை, தரவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்: கோப்பு திறக்கும் என்டி கிரியேட்ஃபைல் அழைப்பின் எண் 64 பிட் விண்டோஸ் 7-ல் 82, விண்டோஸ் 8-ல் 83, 8.1-ல் 84, விண்டோஸ் 10-ல் 85. நடுவில் ஒன்று நுழைந்தால் பின்னால் இருப்பவை எல்லாம் ஓர் இடம் தள்ளி உட்காரும், பந்தியில் போல. 82 என்று எழுதி வைத்த நிரல் அடுத்த பதிப்பில் வேறு யாரோ ஒருவரின் இலையில் கை வைக்கிறது. ஆப்பிளின் மேக் கணினிகளிலும் இதே கதை, இன்னும் பகிரங்கமாக நடந்தது. கோ மொழியை எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனே அதில் ஒருவர். அவர்கள் சிஸ்டம் லைப்ரரியை நம்பாமல், கர்னலுக்கு நேராக எண் சொல்லும் வழியை எடுத்தார்கள். 2016-ல் மேக்ஓஎஸ் சியரா வந்தது. நேரம் கேட்கும் அழைப்பு விடை தரும் விதத்தை ஆப்பிள் உள்ளே மாற்றிவிட்டது. ஆப்பிளின் லைப்ரரி வழியாகப் போனவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோ நிரல்கள் உடைந்தன. மொழியைத் திருத்தி, நிரல்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதாயிற்று. 2019-ல் வந்த கோ 1.12 முதல் மேக்கில் அது ஆப்பிளின் லைப்ரரி வழியாகவே போகிறது. ஓபன்பிஎஸ்டி இன்னும் ஒரு படி மேலே போய், லைப்ரரியின் இடத்திலிருந்து வராத சிஸ்டம் காலைக் கர்னலே மறுக்கும்படி வேலி கட்டிவிட்டது; 2021-ல் வந்த கோ 1.16 அங்கேயும் லைப்ரரிக்குத் திரும்பியது. கென் தாம்சனுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாக்கு இல்லாத இடத்தில் திறமை உதவவில்லை.

லினக்ஸ் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பும், அதனால் அதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பத்திலிருந்தே பிடிவாதமாகக் காப்பாற்றி வரும் விதி, கர்னலை மாற்றினால் பயனர் நிரல் உடையக் கூடாது என்பது. அங்கே வாக்கு எண்கள் மட்டத்திலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் கோ மொழி லினக்ஸில் இன்றைக்கும் நேராக எண் சொல்லியே போகிறது, ஒன்றும் உடைவதில்லை. அப்படியானால் லினக்ஸில் நேரடி அழைப்பு குற்றமில்லையே என்று கேட்டால், ஆமாம், வாக்கு என்ற அளவில் குற்றமில்லை. ஆனால் அந்த வாக்கு ஒரே வகை பிராசசருக்குள் மட்டும் செல்லும். பழைய அசெம்ப்ளி புத்தகங்கள் 32 பிட் இன்டெலுக்கு எழுதப்பட்டவை: எண் 1 வெளியேறு, எண் 4 எழுது. 64 பிட்டில் எண் 1 என்றால் எழுது, வெளியேற 60, எண் 4 என்றால் ஒரு கோப்பின் விவரத்தைக் கேட்பது. ராஸ்பெர்ரி பை-யிலும் நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் உள்ள 64 பிட் ஆர்ம் பிராசசரில் எழுதுவதற்கு 64, வெளியேறுவதற்கு 93. கோப்பு திறக்கும் பழைய ஓப்பன் என்ற அழைப்பு அங்கே கிடையவே கிடையாது, ஓப்பன்அட் மட்டும்தான். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைத் திறந்து, பழைய புத்தகத்தைப் பார்த்து 64 பிட் கட்டளையோடு எண் 1 என்று எழுதிய மாணவருக்கு, போ என்று சொன்னால் எழுத உட்கார்ந்துகொள்ளும் இயந்திரம்தான் கிடைத்திருக்கும்.

நம் பாடத்திட்டமே இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் யூனிக்ஸ் சிஸ்டம் கால்களைக் கொண்டு நிரல் எழுதுக என்று ஒரு பயிற்சி, நெடுங்காலம் ஒரே பட்டியலோடு வந்தது: ஃபோர்க், எக்ஸெக், கெட்பிட், எக்ஸிட், வெயிட், குளோஸ், ஸ்டாட், ஓப்பன்டிர், ரீட்டிர். இதில் கடைசி இரண்டும் சிஸ்டம் கால்களே அல்ல, லைப்ரரி ஃபங்ஷன்கள். அடியில் கெட்டென்ட்ஸ் என்ற அழைப்பை வைத்துக்கொண்டு லைப்ரரி செய்து தரும் வசதி அது. ஃபோர்க் என்று நாம் எழுதினாலும் லினக்ஸில் சி லைப்ரரியான ஜிலிப்சி உள்ளே கூப்பிடுவது குளோனை. எக்ஸிட் என்று எழுதினால், முதலில் பஃபரில் மிச்சம் இருப்பதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, பிறகு எக்ஸிட்குரூப்பைக் கூப்பிடுகிறது. பாடத்திட்டம் எழுதியவர்களைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நேராகக் கர்னலோடு பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு தலைமுறை, உண்மையில் நடுவில் நின்ற லைப்ரரியோடுதான் பேசியது, அது இருப்பதே தெரியாத அளவுக்கு அது தன் வேலையைச் செய்தது. 32 பிட் இன்டெலில் எழுதி ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய அந்த நிரல்களை இன்றைக்கு ஆர்ம் கணினியில் கொடுத்தால் அப்படியே கம்பைல் ஆகி ஓடும். அதே நோட்டில் இன்ட் 21ஹெச் என்று எழுதிய பக்கம் டாஸ்பாக்ஸ் போன்ற பெட்டி இல்லாமல் அங்கே ஓடாது. ஒரே மாணவர், ஒரே ஆண்டு, இரண்டு லேப்.

வேகத்தைப் பற்றிய வாதம் எப்போதும் முதலில் வரும்: நடுவில் ஆள் இருந்தால் தாமதம்தானே? டாஸில் அது உண்மை. திரை நினைவகத்தில் நேராக எழுதியது டாஸ் வழியை எளிதாக முந்தியது. இன்றைக்கு நிலைமை பெரும்பாலும் தலைகீழ். ஆயிரம் எழுத்தை ஒவ்வொன்றாக ரைட் என்று கர்னலிடம் கொடுத்தால் ஆயிரம் தடவை வேலி தாண்ட வேண்டும். லைப்ரரி அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் கொண்டுபோய்ப் போடும். தாண்டுவதற்கான கூலியும் ஏறிவிட்டது: 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டை வெளியான பிறகு, அதை அடைக்கப் போட்ட தடுப்பு ஒவ்வொரு தாண்டலையும் கனமாக்கியது. இதைவிட வேடிக்கை, நேரம் கேட்பது. லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் விடிஎஸ்ஓ என்ற சின்னப் பகுதியை ஒட்டவைக்கிறது. லைப்ரரி வழியாக மணி கேட்டால், பெரும்பாலும் கர்னலுக்குள் போகாமலே, அந்தப் பகுதியிலிருந்து விடை வந்துவிடும். நேராக எண் சொல்லிக் கேட்பவர் மட்டும் வேலி தாண்டிப் போய் அதே மணியைக் கேட்டுத் திரும்புகிறார். லஸ்கர் வீட்டு வாசலுக்கே வந்திருக்கும்போது சர்க்கார்பதி வரை நடப்பது போலத்தான். மிக அதிகமாக உள்ளீடு, வெளியீடு நடக்கும் தரவுத்தளம் போன்ற சில இடங்களில் நேரடி வழிக்கு நியாயம் இருக்கலாம். அதை அளந்து பார்த்துக் காட்டியவர் பேசட்டும், அளக்காதவர் வேகத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டாம்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நம்முடையது. முறையான வழியில் நமக்கு வேண்டியது இல்லவே இல்லை என்றால்? கணினியில் தமிழுக்கு நேர்ந்தது அதுதான். டாஸ் தமிழைப் பற்றி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. கேட்பதற்கு மடையே கிடையாது. 1980-களில் கனடாவிலிருந்து முனைவர் சீனிவாசன் ஆதமி என்ற தமிழ்ச் செயலியைச் செய்தபோதும், சி-டாக் தன் ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகி டாஸ் நிரல்களில் இந்திய எழுத்துகளைக் காட்டியபோதும், இயக்க முறைமையைத் தாண்டிப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. விண்டோஸ் வந்த பிறகும் மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், அழகி, எ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர் என்று ஒவ்வொன்றும் ஆங்கில விசைக்கும் திரைக்கும் நடுவில் புகுந்துதான் தமிழைக் கொடுத்தது. இவர்கள் செய்தது தவறு என்று சொல்பவர் தமிழில் ஒரு கடிதமாவது அடித்துப் பார்க்காதவராக இருக்க வேண்டும். வாய்க்கால் வராத ஊரில் கிணறு வெட்டத்தான் வேண்டும். ஆனால் இதே வரலாற்றின் அடுத்த பாதியையும் படிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே வெட்டிய கிணற்றால் ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க முடியாமல் போனது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டேப், டேம் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது அந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான். விண்டோஸ் 2000-ல் யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் இயக்க முறைமைக்குள்ளேயே வந்தன. வாக்கு எழுதப்பட்டது அப்போதுதான். இன்றைக்கு போனில் தமிழ் அடிப்பவர் யாரும் எதையும் இடைமறிப்பதில்லை, கேட்கிறார், கிடைக்கிறது. குறுக்கு வழியில் போனவர்களில் நிலைத்தவர்கள், அந்த வழியை முறையான வழியாக்கக் கமிட்டிகளில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள். கர்னல் உலகத்திலும் இதற்கு ஒரு சிறிய இணை உண்டு. த்ரெட்டின் எண்ணைச் சொல்லும் கெட்டிட் என்ற அழைப்பு லினக்ஸ் கர்னலில் பல ஆண்டு இருந்தும், ஜிலிப்சி அதற்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்தது 2019-ல் வந்த 2.30 பதிப்பில்தான். அதுவரை சிஸ்கால் என்ற பொது ஃபங்ஷனில் அழைப்பின் பெயரைக் கொடுத்துக் கூப்பிட்டார்கள். எண்ணை அல்ல, பெயரை. பெயர் கொடுத்தவரின் நிரல் எந்தப் பிராசசருக்கும் சரியான எண்ணைத் தானே எடுத்துக்கொண்டது. குறுக்கே போவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு.

வாக்கில்லாத வாசலைத் தட்டுவதற்கு இன்னொரு விலையும் சேர்ந்துவிட்டது. விண்டோஸில் பல பாதுகாப்பு மென்பொருள்கள் என்டிடிஎல்எல்லில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டு யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கின்றன. அந்தக் கண்ணில் படாமல் நழுவ, தீய நிரல்கள் நேராக எண் சொல்லிக் கர்னலுக்குள் போகின்றன. விளைவு, நேரடி அழைப்பு என்பதே இப்போது சந்தேகத்துக்கு ஓர் அடையாளம். வேகத்துக்காக என்று அப்பாவியாக எழுதியவரும் அதே வரிசையில் நிறுத்தப்படுவார்.

அப்படியானால் லேபில் இன்ட் 21ஹெச்சைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்பார்கள். கேட்கிறவர்களில் ஒரு சாரார், பழைய குப்பையைத் தூக்கி எறியுங்கள், டர்போ சி-யையும் டாஸ்பாக்ஸையும் ஒழித்துக்கட்டுங்கள் என்று கோபப்படுபவர்கள். டர்போ சி-யை ஒழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு மாணவர் ரெஜிஸ்டரில் எண்ணை வைத்து, கர்னலின் வாசலைத் தன் கையால் ஒரு தடவையாவது தட்டிப் பார்க்க வேண்டும். தட்டாதவருக்கு நடுவில் நிற்கும் லைப்ரரி என்ன செய்து தருகிறது என்பதே தெரியாது. நிரல் ஏன் மெதுவாகிறது, ஏன் ஒரு கோப்பு திறக்க மறுக்கிறது என்று, சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்க்கும்போது திரையில் ஓடும் வரிகள் அவருக்குச் சித்தர் பாடல்தான். கற்பதற்கு எழுதும் நிரல் பரீட்சையோடு முடிந்துவிடும், யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. விற்பதற்கு எழுதும் நிரலுக்குப் பத்து ஆண்டுப் பொறுப்பு இருக்கிறது. குறை பயிற்சியில் இல்லை. பயிற்சியை முடித்த இடத்தில் இருக்கிறது.

640-க்கு வருகிறேன். 8086 பிராசசரால் எட்ட முடிந்த நினைவகம் மொத்தம் ஒரு மெகாபைட். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் அதில் முதல் 640 கிலோபைட்டை நிரல்களுக்கும், மேலே உள்ளதைத் திரைக்கும் பயாஸுக்கும் என்று ஒதுக்கினார்கள். இன்ட் 12ஹெச் கேட்பது அந்த முதல் பங்கு எவ்வளவு என்று மட்டும்தான். பிறகு எத்தனை ஜிபி வந்தாலும் பயாஸ் அந்தப் பழைய கேள்விக்கு அந்தப் பழைய விடையையே சொல்லி வந்தது; டாஸ்பாக்ஸும் அதையே சொல்கிறது. அதுவும் ஒரு வாக்குதான், நாற்பது ஆண்டாகக் காப்பாற்றப்பட்டது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. பயிற்சியின் தலைப்பில் ராம் அளவு என்று எழுதியவர்கள் நாம்.

இந்தப் பயிற்சி இன்னும் எந்தெந்தக் கல்லூரியில் இருக்கிறதோ, அங்கே லேப் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவுட்புட் என்ற இடத்தில் 640 என்று பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மெஷினில் உண்மையில் எவ்வளவு ராம் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஏன் வேறாக இருக்கின்றன என்று மாணவரின் கையெழுத்தில் ஒரு வரி வாங்கிவிட்டு, பிறகு போடுங்கள்.